முத்துராக்கு ஓடிய நாற்பது மீட்டர்

செங்கமடை கலைக் கல்லூரியின் முதலாமாண்டு மாணவி முத்துராக்கு, ஆடி மாதத்தின் மூன்றாவது வியாழக்கிழமை காலை பத்து மணி இருபது நிமிடத்துக்கு ஓட ஆரம்பித்தாள் என்பதும், கார்த்திகை மாதத்தின் கடைசி நாளில் ஓடி முடித்தாள் என்பதும், இடையில் ஒரு நொடிகூட அவள் நிற்கவில்லை என்பதும் அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஏன் அப்படி ஆயிற்று என்று முதலில் சிலர் கேட்டார்கள், அவர்களும் இரண்டாவது வாரத்தில் கேட்பதை விட்டுவிட்டார்கள், ஏனென்றால் அவளைப் பார்ப்பதற்கே அவர்களுக்கு நேரம் போதவில்லை.

அன்று நடந்தது விரைவுத்திறன் தேர்வு. முதலாமாண்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் தரம் போட்டு அனுப்பும்படி பல்கலைக்கழகம் கேட்டிருந்தது, தரம் இல்லாதவர்கள் இரண்டாமாண்டுக்குப் போக முடியாது. பத்து மீட்டர் இடைவெளியில் சுண்ணாம்பால் இரண்டு கோடு, எதிர்க்கோட்டுக்கு அப்பால் இரண்டு மரக்கட்டை. விசில் ஊதியதும் ஓடிப்போய் ஒரு கட்டையை எடுத்து வந்து புறப்பட்ட கோட்டுக்குப் பின்னால் வைக்க வேண்டும், மறுபடி ஓடிப்போய் அடுத்த கட்டையோடு கோட்டைத் தாண்ட வேண்டும், ஆக மொத்தம் நாற்பது மீட்டர். பிள்ளைகள் இதைக் கட்டை ஓட்டம் என்பார்கள். பெண்களுக்குப் பதினொரு நொடிக்குள் என்றால் ஏ, பன்னிரண்டுக்குள் பி, பதின்மூன்றுக்குள் சி, பதினான்குக்குள் டி, அதற்கு மேல் எவ்வளவு ஆனாலும் இ. இ வாங்கினாலும் தேர்ச்சிதான், ஆனால் ஓடி முடித்திருக்க வேண்டும்.

தேர்வை நடத்தியவர் உடற்கல்வி இயக்குநர் அமலோற்பவம். முப்பத்தொரு வருடமாக அந்தக் கல்லூரியில் விசில் ஊதுகிறவர், மதியச் சாப்பாட்டை நின்றபடியே நாலு நிமிடத்தில் முடிக்கிறவர், நடக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் ஓடச் சொல்லுகிறவர், ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்தால் இன்னும் வேகமாக ஓடச் சொல்லுகிறவர். நவம்பர் முப்பதாம் தேதி அவருக்கு ஓய்வு. அதற்குள் எல்லாத் தாள்களையும் முடித்துவிட வேண்டும் என்று அவர் அவசரத்தில் இருந்தார்.

வகுப்பில் ஐம்பத்தெட்டுப் பேர். நாற்பத்தொன்றாவது எண் முத்துராக்கு. கனத்த உடம்பு, வெறுங்கால், தாவணி வயசிலேயே தாயோடு விறகடுக்கிக் கரிமூட்டம் போட்டுக் கரி மூட்டை சுமந்த தோள். கோட்டுக்கு வந்து நின்றவள் மெதுவாக, "என்னால முடிஞ்ச மட்டும் ஓடுறேன் மேடம்," என்றாள்.

"முடிஞ்ச மட்டும்னா இ தான் கெடைக்கும்," என்றார் அமலோற்பவம். "நேரமாகுது, ரெடியா நில்லு."

விசில் ஊதினார், கையிலிருந்த ஸ்டாப் வாட்சை அழுத்தினார். முத்துராக்கு முன்னால் சாய்ந்தாள், வலது குதிகால் தரையிலிருந்து கிளம்பியது, கிளம்பியபடியே இருந்தது.

ஓடு என்று கத்தினார்கள். சிரித்தார்கள். பயத்தில் உறைந்துவிட்டாள் என்றார்கள். அரை மணி நேரம் கழித்துச் சிரிப்பு நின்றது. மதிய மணி அடித்தபோது அமலோற்பவம் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தார். முத்துராக்குவின் குதிகாலுக்கும் தரைக்கும் நடுவே ஒரு கட்டெறும்பு நிமிர்ந்து போனது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அந்த இடைவெளியில் ஒரு தீக்குச்சி நுழைந்திருக்காது. அமலோற்பவம் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, சுற்றி நின்றவர்களிடம், "ஓடிக்கிட்டிருக்கா, வழிய விடுங்க," என்றார்.

சாயங்காலம் பொன்னழகு வந்தாள், முத்துராக்குவின் தாய். கரி படிந்த சேலையோடு கரிமூட்டத்திலிருந்து நேராக வந்திருந்தாள். மகளைச் சுற்றி ஒரு தரம் நடந்து பார்த்தாள், முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்தாள், பிறகு அமலோற்பவத்திடம் வந்து, "எம்புள்ளைக்கு வலிக்குதா டீச்சர்?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. இப்பத்தான் விசில் ஊதுன மாதிரி இருக்கும் அவளுக்கு."

"பசிக்குமே."

"காலைல சாப்பிட்ட இட்லியே இன்னும் வயித்துலதான் இருக்கு."

பொன்னழகு யோசித்தாள். "கூட்டிட்டுப் போயிரலாமா?"

அமலோற்பவம் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். நாலு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம்தான். ஆனால் ஓடுகிறவளை யாராவது தொட்டால் அந்த ஓட்டம் செல்லாது, இதுவரை ஓடியதும் வீண், அவளுக்குத் தரம் இல்லை. அதை அவர் விளக்கிச் சொன்னார். பொன்னழகு மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவ பாட்டுக்கு ஓடட்டும். நான் சாயங்காலம் சாயங்காலம் வந்து பாத்துக்கிறேன்," என்றாள்.

இப்படியாக முத்துராக்கு மூன்று நாளைக்கு ஓர் அடி எடுத்து வைத்தாள்; இரண்டு கால்களும் தரையில் படாமல் அவள் ஒரு பகல் முழுக்க அந்தரத்தில் நின்ற நாட்கள் உண்டு, கண்ணை ஒரு தரம் மூடித் திறக்க அவளுக்கு ஒரு வெள்ளிக்கிழமையிலிருந்து திங்கட்கிழமை வரை ஆயிற்று, நெற்றியில் பூத்த ஒரு வியர்வைத் துளி புருவத்தைத் தாண்டிக் கன்னத்தில் இறங்கித் தாடையில் தொங்கி விழுவதற்குள் விநாயகர் சதுர்த்தி வந்து போய்விட்டது. கல்லூரி அவளைச் சுற்றித் தன்னை மாற்றிக்கொண்டது. கிரிக்கெட் ஆடுகிற பையன்கள் யாரும் சொல்லாமலே ஆடுகளத்தைக் கிழக்கே தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். இயற்பியல் துறையினர் நாலு மூங்கில் நட்டு அவள்மேல் படாமல் ஒரு தார்ப்பாய் கட்டினார்கள், அவள் நகர நகர மூங்கிலும் நகர்ந்தது. வருகைப் பதிவு எப்படிப் போடுவது என்று கேள்வி வந்தபோது, வளாகத்துக்குள்தானே இருக்கிறாள் என்று எல்லா ஆசிரியர்களும் வந்திருக்கிறாள் என்றே போட்டார்கள். அந்தப் பருவத்தில் நூற்றுக்கு நூறு வருகை அவள் ஒருத்திக்குத்தான். பேருந்து நடத்துநர்கள் கல்லூரி நிறுத்தத்தில் "ஓடுற புள்ள எறங்கு" என்று குரல் கொடுக்கத் தொடங்கினார்கள். காலைக் கூட்டத்தில் கடவுள் வாழ்த்துக்கும் செய்திகளுக்கும் நடுவே, இன்று இடது பெருவிரல் தரையைத் தொட்டது, இன்று வலது கை முன்னே வந்தது என்று ஒரு மாணவி வாசிப்பாள், மூவாயிரம் பேர் அமைதியாகக் கேட்பார்கள்.

நடை தாமதமான குழந்தைகளையும் பேச்சு திக்குகிற குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு தூரத்து ஊர்களிலிருந்து தாய்மார்கள் வந்தார்கள். சிலர் வேலியில் மஞ்சள் கயிறு கட்டினார்கள். அமலோற்பவம் அவிழ்த்துப் போட்டார். "இது தேர்வு நடக்கிற எடம்மா, கோயில் இல்ல," என்றார். ஆனால் குழந்தைகளை உட்கார வைக்க வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்சு போடச் சொன்னார்.

ஸ்டாப் வாட்சுக்கு இருபத்துநாலு மணி நேரத்துக்கு மேல் எண்ணத் தெரியாது. அது சுழியத்துக்கு வரும்போதெல்லாம் விளையாட்டு அறைச் சுவரில் அவர் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். கழுத்தில் கயிறு கட்டி வாட்சை மாட்டியிருந்தார். பூசைக்குப் போகும்போதும் மாட்டியிருந்தார்.

புரட்டாசி பிறக்கிற சமயத்தில் முத்துராக்கு எதிர்க்கோட்டை அடைந்து குனிந்தாள். அவள் விரல்கள் முதல் கட்டையைச் சுற்றி மூடிக்கொள்ள மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் வகுப்புகள் பேருக்குத்தான் நடந்தன. கட்டைவிரல் மரத்தைத் தொட்ட கணத்தைக் கணிதத் துறைப் பேராசிரியர் ஒருவர் தான் பார்த்ததாகச் சொன்னார், யாரும் மறுக்கவில்லை. அமலோற்பவம் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து அந்த விரல்களையே பார்த்தார். முப்பத்தொரு வருடத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அந்தக் கட்டைகளை எடுத்திருக்கிறார்கள். ஒரு கை ஒரு கட்டையை எப்படி எடுக்கிறது என்று அவர் ஒரு தரமும் பார்த்ததில்லை. அவர் பார்த்ததெல்லாம் முள்ளையும் எண்ணையும்தான்.

அன்று மாலை பீரோவிலிருந்து பழைய தாள்களை எடுத்துப் பிரித்தார். ஏ வாங்கியவர்களின் பெயரைப் படித்ததும் முகம் ஞாபகம் வந்தது, யார் போலீஸில் சேர்ந்தாள், யார் ரயில்வேயில் இருக்கிறாள் என்று எல்லாம் வந்தது. இ வாங்கியவர்களின் பெயரை வாய்விட்டுப் படித்தார். ராமலெட்சுமி. பாத்திமுத்து. ஆரோக்கியசெல்வி. ஒரு முகமும் வரவில்லை. இ என்று எழுதிய தன் கையெழுத்து மட்டும் தெரிந்தது, சாய்ந்து, அவசரமாக. அன்றிலிருந்து அவர் மதியச் சாப்பாட்டை மைதானத்திலேயே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார், பொன்னழகு மதியமே வந்துவிட்ட நாட்களில் இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

"சிரிக்கிறா டீச்சர்," என்றாள் பொன்னழகு ஒரு நாள். முதல் கட்டையோடு திரும்பி ஓடி வருகிற பாதியில் முத்துராக்குவின் உதட்டோரம் விரியத் தொடங்கியிருந்தது. அந்தச் சிரிப்பு முழுசாக வந்து அடங்க ஒன்பது நாள் ஆயிற்று. "பள்ளிக்கூடத்துல ஆமைன்னு கூப்புடுவாங்க. விளையாட்டு விழான்னா அன்னைக்குக் காச்சல்னு படுத்துக்குவா. ஓடயில சிரிப்பான்னு எனக்குத் தெரியாது," என்றாள் தாய். அமலோற்பவத்துக்குத் தான் விசில் ஊதும் முன் சொன்ன வார்த்தை நெஞ்சில் குத்தியது. அதைப் பொன்னழகிடம் சொல்லிவிட்டார். பொன்னழகு சோற்றைப் பிசைந்தபடி, "அவ காதுல விழுந்திருக்கும். விழுந்தும் ஓடுறாள்ல," என்றாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. சுண்ணாம்புக் கோடுகள் கரைந்தன. அமலோற்பவம் தினமும் இரண்டு கோட்டையும் நூல் பிடித்துப் புதிதாகப் போட்டார். என்றைக்கு அவள் பாதம் வந்து இறங்கினாலும் கோடு அங்கே இருக்க வேண்டும். காற்றில் தார்ப்பாய் கிழிந்தது, வேறு கட்டினார்கள். முத்துராக்கு நனைந்தாள், காய்ந்தாள், முதல் கட்டையை வைத்தாள், திரும்பினாள், இரண்டாவது கட்டைக்கு ஓடினாள், நவம்பர் இரண்டாம் வாரத்தில் அதையும் எடுத்தாள்.

எடுத்துத் திரும்புகிற இடத்தில்தான் அவளுடைய இடது கால் வழுக்கத் தொடங்கியது.

அதை முதலில் கண்டவர் அமலோற்பவம். களிமண்ணில் பாதத்துக்குப் பின்னால் ஒரு விரல் அகலத்துக்குப் பளபளப்பாக ஒரு தடம். மறுநாள் இரண்டு விரல். மூன்றாம் நாள் முத்துராக்குவின் இடுப்பு இடப்பக்கம் சரிந்திருந்தது, கண்கள் பெரிதாகிக்கொண்டிருந்தன. இப்படியே போனால் இன்னும் பத்து நாளில் அவள் விழுந்துவிடுவாள் என்று கணிதத் துறை கணக்குப் போட்டுச் சொன்னது. முகம் எதிர்க்கோட்டில் கிடந்த பழைய சிமெண்டுக் கல்லில் மோதும் என்றும் சொன்னது. கல்லை அன்றே பெயர்த்தெடுத்தார்கள். ஆனால் விழப்போகிற பிள்ளையை முன்னூறு பேர் சுற்றி நின்று பத்து நாள் பார்த்துக்கொண்டிருப்பது யாராலும் தாங்க முடியாததாக இருந்தது.

முதல்வர் சுந்தரமகாலிங்கம் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு மைதானத்துக்கே வந்துவிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் தரப் பட்டியல் எங்கே என்று பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஏழு கடிதங்கள் அவரைத் தூங்கவிடவில்லை. "மேடம், நாற்பத்தொன்னுக்கு ஆப்சென்ட்னு போட்டு முடிச்சிருங்க. புள்ளையத் தூக்கிப் படுக்க வைப்போம். அடுத்த பதினேழு பேரு மூணு மாசமாக் காத்திருக்காங்க. நீங்களும் முப்பதாம் தேதி போயிருவீங்க."

"கண்ணு முன்னாடி ஓடுற புள்ளைக்கு ஆப்சென்ட் போடச் சொல்றீங்களா சார்?"

"விழுந்துட்டா?"

அமலோற்பவம் பொன்னழகைப் பார்த்தார். பொன்னழகு மகளின் பாதத்துக்கு அருகே குத்தவைத்து உட்கார்ந்து மண்ணைத் தொட்டு விரலில் உருட்டிக்கொண்டிருந்தாள். "அவளத் தொடக் கூடாதுன்னீங்க," என்றாள் தலையைத் தூக்காமல். "தரையத் தொடலாமா?"

தரையைத் தொடக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. ஓடுகளத்தைச் சரியாக வைத்திருப்பது தேர்வு நடத்துகிறவரின் பொறுப்பு என்று விதியிலேயே இருந்தது.

மறுநாள் காலை பொன்னழகு ஒரு மினி வேனில் பதினோரு மூட்டை கரித்தூளோடு வந்து இறங்கினாள். "மூட்டம் போடுற எடத்துல மழத்தண்ணி நிக்காது டீச்சர். கரித்தூளு குடிச்சிரும்." வேதியியல் கூடத்திலிருந்து சின்னச் சின்னக் கரண்டிகள் வந்தன. இன்னும் ஓடாமல் காத்திருந்த பதினேழு பெண்களும் வயிறு தரையில் படப் படுத்துக்கொண்டு, முத்துராக்குவின் பாதத்தில் விரல் படாமல், அது வழுக்கிப் போகிற வழியில் இருந்த களியைக் கரண்டி கரண்டியாகத் தோண்டியெடுத்து, ஆற்று மணலையும் கரித்தூளையும் கலந்து இறுக்கினார்கள். ஒருத்தி கை நடுங்கினால் அடுத்தவள் வந்தாள். நாலு நாள் அப்படி நடந்தது. ஐந்தாம் நாள் பாதம் அந்தக் கரும்பரப்பில் ஏறியது. ஆறாம் நாள் தடம் நீளவில்லை. ஏழாம் நாள் முத்துராக்குவின் ஐந்து விரல்களும் மடங்கி மண்ணைப் பிடித்தன. யாரும் கை தட்டவில்லை. மைதானத்தில் முன்னூறு பேர் ஒரே நேரத்தில் மூச்சு விட்ட சத்தம் கேட்டது. பிறகு அவளுடைய இடுப்பு மெல்ல மெல்ல நிமிர்ந்தது.

முப்பதாம் தேதி அமலோற்பவத்துக்குச் சந்தனமாலை போட்டார்கள். முதல்வர் நல்லபடியாக நாலு வார்த்தை பேசினார். ஆனால் பொறுப்பை ஒப்படைக்க அமலோற்பவத்தால் முடியவில்லை, ஏனென்றால் பொருள் பட்டியலில் ஸ்டாப் வாட்ச் ஒன்று என்று இருந்தது, அது ஓடிக்கொண்டிருந்தது, அழுத்தியவர்தான் நிறுத்த வேண்டும். ஆகவே ஓய்வு பெற்றவராகவும் ஓய்வு பெறாதவராகவும் அவர் மறுநாள் காலை எட்டரைக்கு மாலையில்லாமல் வந்து கோடு போட்டார். வாட்ச்மேன் வணக்கம் சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார்.

கார்த்திகை கடைசி நாள், செவ்வாய்க்கிழமை. காலையிலேயே முத்துராக்குவின் வலது பாதம் கோட்டுக்கு மேலே அந்தரத்தில் இருந்தது. கடைகளை அடைத்துவிட்டு ஊரே வந்திருந்தது. பதினொன்றரை மணிக்குக் குதிகால் கோட்டுக்கு அப்பால் இறங்கியது, அமலோற்பவம் வாட்சை அழுத்தினார், அழுத்திய அதே நொடியில் முத்துராக்கு நம் எல்லாரையும் போலத் தடதடவென்று நாலு எட்டு ஓடிப்போய்க் கூட்டத்தில் முட்டி நின்று, கையில் கட்டையோடு, இரைக்க இரைக்கத் திரும்பி, "எவ்வளவு மேடம்?" என்றாள்.

முத்துராக்கு கூட்டத்தைப் பார்த்தாள், தார்ப்பாயைப் பார்த்தாள், கறுத்துக் கிடந்த தரையைப் பார்த்தாள், கரிமூட்டத்தில் இருக்க வேண்டிய நேரத்தில் இங்கே நிற்கிற தாயைப் பார்த்தாள். அமலோற்பவம் அவளைப் பெஞ்சில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, ஒன்றும் மறைக்காமல் சொன்னார். ஆடியில் கிளம்பினாய், இது கார்த்திகை முடிவு. நூற்று முப்பத்தோரு நாள், ஒரு மணி பத்து நிமிடம்.

முத்துராக்கு கையிலிருந்த கட்டையைப் பெஞ்சில் வைத்தாள். "எனக்கு வேகமாத்தான் ஓடுன மாதிரி இருந்துச்சு," என்றாள். "காத்துக்கூட மூஞ்சில அடிச்சுச்சு."

"வேகமாத்தான் ஓடுன," என்றார் அமலோற்பவம். "நான் பக்கத்துலேயே இருந்து பாத்தேன்."

"என்ன தரம் மேடம்?"

பிள்ளைகள் ஏ போடுங்க மேடம் என்றார்கள். முதல்வர்கூட வேறெங்கோ பார்த்தபடி நின்றார். அமலோற்பவம் தாளை மடியில் வைத்துக்கொண்டு, நாளையும் மணியையும் நொடியாக்கி எழுதினார், கட்டத்துக்குள் அடங்காமல் எண்கள் ஓரத்துக்கு வழிந்தன. பக்கத்தில் இ என்று, நிதானமாக, நேராக எழுதினார். "இ. பாஸ்."

முத்துராக்கு தலையாட்டினாள். முகத்தில் பெரிய வருத்தமில்லை. மீதித் தண்ணீரைக் குடித்துவிட்டு, "ரெண்டு தடவை ஓடலாம், எது நல்லா வந்திருக்கோ அதை எடுத்துக்குவாங்கன்னு சொன்னாங்களே மேடம்," என்றாள்.

விதி அதுதான். எல்லாரும் அதை மறந்துபோயிருந்தார்கள். கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடி அடங்கியது. மார்கழி, தை, மாசி, பங்குனி என்று யாரோ விரல் விட்டு எண்ணினார்கள். அமலோற்பவம் பொன்னழகைப் பார்த்தார்.

பொன்னழகு மகளின் பக்கத்தில் வந்து நின்று முந்தானையால் அவள் கழுத்து வியர்வையைத் துடைத்தாள். நாலு மாதமாக அவள் அந்தக் கழுத்தைத் தொடவில்லை. "ஆசயா இருக்கா ஆத்தா?" என்றாள்.

"ஆமாம்மா. கால் மட்டும் வழுக்காம இருந்திருந்தா இன்னும் நல்லா ஓடியிருப்பேன்."

"அப்ப ஓடு. மொதல்ல ரெண்டு வாய் சாப்பிட்டுக்க."

முத்துராக்கு கோட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து தாயின் தூக்குவாளியிலிருந்து சாப்பிட்டாள். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள். இயற்பியல் துறைப் பையன்கள் தார்ப்பாயைத் திரும்ப இழுத்துக் கட்டினார்கள். தேநீர்க் கடைக்காரர் தன் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டார். முதல்வர் தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். அமலோற்பவம் எதிர்க்கோட்டுக்கு நடந்துபோய்க் கட்டைகளை வைத்தார், காலால் தரையை அழுத்திப் பார்த்தார், திரும்பி வந்து, பங்குனி வரையோ அதற்கு மேலுமோ தன்னால் இருக்க முடியும் என்று மனத்துக்குள் உறுதி செய்துகொண்டு, விசில் ஊதினார்.

முத்துராக்கு ஓடினாள். போனாள், எடுத்தாள், வந்தாள், வைத்தாள், போனாள், எடுத்தாள், வந்துவிட்டாள். பொன்னழகு தூக்குவாளியை இன்னும் மூடியிருக்கவில்லை. தேநீர்க் கடைக்காரர் அப்போதுதான் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அமலோற்பவம் மட்டும் பார்த்தார். அவளுடைய இடது கால் எங்கே ஊன்றியது, விரல்கள் எப்படி மடங்கின, உதட்டோரம் எங்கே விரியத் தொடங்கியது என்று ஒன்று விடாமல் எல்லாம் அவர் கண்ணில் பட்டது. பிறகுதான் வாட்சைப் பார்த்தார்.

"பதின்மூணு புள்ளி ஆறு," என்றார். "டி."

"டியா மேடம்?"

"டி."

முத்துராக்கு தாயிடம் ஓடிப்போய், "டி வாங்கிட்டேன்மா," என்றாள். பொன்னழகு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, "அம்புட்டுத்தானா? முடிஞ்சிருச்சா டீச்சர்?" என்று கேட்டாள். முடிந்துவிட்டது என்றார் அமலோற்பவம். தாயும் மகளும் பன்னிரண்டே முக்கால் பேருந்தைப் பிடிக்கக் கிளம்பினார்கள், வழியில் முத்துராக்கு ஏதோ சொல்லிக்கொண்டே போனாள், பொன்னழகு தலையாட்டிக்கொண்டே போனாள். ஊர்க்காரர்கள் யாரும் அசையவில்லை. நாலு மாதம் பார்க்கப் பழகிய கண்கள் அந்த வெறும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தன, முதலில் எழுந்து போகிற ஆளாக இருக்க யாருக்கும் மனம் வரவில்லை. வேலிப் பக்கம் தாயின் கையைப் பிடித்து நின்றிருந்த ஒரு குழந்தை, கையை உதறிவிட்டுக் கோட்டை நோக்கி இரண்டு எட்டு வைத்தது.

அமலோற்பவம் முதல்வரிடம் தாளைத் திரும்ப வாங்கி இ-யை அடித்து டி என்று எழுதிக் கையொப்பமிட்டார், வாட்சைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தார், நாற்பத்திரண்டாவது எண்ணைக் கூப்பிட்டார்.